தூண் நடும்போதே பாதி மின்கட்டணம் முடிவாகிவிடும்

போன இதழில் டெல்லி ஜோர் பாக் சாலையில் இருக்கும் இந்திரா பர்யாவரண் பவனைப் பற்றிச் சுருக்கமாக எழுதியிருந்தேன். மத்திய சுற்றுச்சூழல் அமைச்சகத்தின் தலைமை அலுவலகம் அது. மத்தியப் பொதுப்பணித் துறை கட்டியது. 2014 பிப்ரவரியில் திறந்தார்கள். ஒரு வருடத்துக்குத் தனக்கு வேண்டிய மின்சாரத்தைத் தன் கூரையிலிருந்தே எடுத்துக்கொள்ள வேண்டும் என்ற கணக்கோடு கட்டிய பெரிய அரசு அலுவலகம். அதையொட்டி வந்த கடிதங்கள்தான் இந்த முறை அதிகம். எனக்குத் தெரிந்தது கம்பியும் காங்கிரீட்டும். அந்தப் பக்கத்திலிருந்தே எல்லாவற்றுக்கும் பதில் சொல்கிறேன்.

மேடம், கரண்ட்டை மிச்சம் பிடிப்பது ஏ.சி.காரர், எலெக்ட்ரிக்கல்காரர் பாடு. கட்டடம் விழாமல் பார்த்துக்கொள்வது ஸ்ட்ரக்சுரல் இன்ஜினியர் பாடு. மொட்டைத் தலைக்கும் முழங்காலுக்கும் ஏன் முடிச்சுப் போடுகிறீர்கள்?
— சிவில் மூன்றாம் ஆண்டு மாணவர், ஈரோடு

தம்பி, ஏ.சி.காரர் சைட்டுக்கு வருவதற்குள் அவருடைய வேலையில் பாதியை நாம் முடித்தோ கெடுத்தோ வைத்துவிடுகிறோம். அதனால்தான்.

டெல்லிக் கட்டடத்தையே எடுத்துக்கொள்ளுங்கள். நாலு பக்கமும் ஒரே அளவாகப் பருமனான கட்டடம் கட்டியிருந்தால் நடுவில் உட்காருகிறவர் பட்டப்பகலில் விளக்கு போட்டுத்தான் வேலை பார்க்க வேண்டும். அப்படிச் செய்யாமல் நீளமான, அகலம் குறைந்த இரண்டு பிளாக்குகளாகப் பிரித்து, நடுவில் திறந்த முற்றம் விட்டார்கள். நீளப் பக்கங்கள் வடக்கும் தெற்கும் பார்க்கின்றன. உள்ளே முக்கால்வாசி இடத்துக்குப் பகல் வெளிச்சமே போதும். இதைக் கேட்டவுடன் ஆர்க்கிடெக்டைப் பாராட்டுவார்கள், பாராட்ட வேண்டியதுதான். ஆனால் ஒல்லியான கட்டடத்தில் நமக்கு ஒரு கூடுதல் வேலை வருகிறது. நீளவாக்கில் அது விறைப்பாக நிற்கும், குறுக்கே அசையும். 2016 நிலநடுக்கத் தரநூலின்படி டெல்லி நான்காம் மண்டலம். அங்கே குறுக்கு அசைவைத் தாங்க லிப்ட் சுவர் எங்கே, படிக்கட்டுச் சுவர் எங்கே, பிளாக்குகளுக்கு நடுவே இடைவெளி எவ்வளவு என்பதெல்லாம் முதல் வரைபடத்திலேயே வந்தாக வேண்டும். பிறகு ஞாபகம் வந்தால் ஜன்னலை அடைத்துத்தான் சுவர் எழுப்ப முடியும். வெளிச்சத்துக்காக ஒல்லியாக்கிவிட்டு அந்த வெளிச்சத்தையே மறைத்த கட்டடங்கள் உண்டு.

அடுத்தது மாடியின் உயரம். சாதாரண சென்ட்ரல் ஏ.சி. என்றால் குளிர்ந்த காற்றைப் பெரிய தகர டக்ட்டில் கொண்டுபோக வேண்டும். பீமுக்கு 60 செ.மீ., அதன் கீழே டக்ட்டுக்கு இன்னொரு 50, அப்புறம் ஃபால்ஸ் சீலிங். டெல்லிக் கட்டடத்தில் சில்ட் பீம் முறை வைத்திருக்கிறார்கள். பெயரில் பீம் இருந்தாலும் அது பாரம் தாங்குவதில்லை, கூரையோரம் தொங்கும் குளிர்நீர்க் குழாய்ப் பெட்டி அவ்வளவுதான். ஒரே கன அளவில், காற்றைவிடத் தண்ணீர் ஏறத்தாழ 3,400 மடங்கு வெப்பத்தைச் சுமக்கும். ஆகவே ஆள் நுழையும் டக்ட் செய்கிற வேலையில் பெரும்பகுதியைக் கைக்குள் அடங்கும் குழாய் செய்துவிடும். அந்தத் தண்ணீர் 16 டிகிரியில் இருந்தால் போதும், வழக்கமான 7 டிகிரிக்கு இறக்க வேண்டியதில்லை என்பதால் தண்ணீரைக் குளிர்விக்கும் சில்லர் மெஷினுக்கும் சுமை குறைவு.

நம் கணக்குக்கு வருவோம். மாடிக்கு 30 செ.மீ. உயரம் குறைந்தால் 8 மாடிக்கு 2.4 மீட்டர். அவ்வளவு உயரத்துக்குத் தூண் வேண்டாம், வெளிச்சுவர் வேண்டாம், பூச்சு வேண்டாம். வெயில் படும் பரப்பும் அந்த அளவுக்குக் குறைகிறது. கட்டடம் எடை குறைந்தால் பூகம்பத்தில் அதன் மேல் வரும் விசையும் குறையும். ஒரு குழாய் முடிவு அஸ்திவாரம் வரை போகிறது பாருங்கள்.

இதில் கெடுவது எங்கே என்றும் சொல்லிவிடுகிறேன். குழாய் பீமைக் குறுக்கே கடந்துதான் போக வேண்டும். காங்கிரீட் போடுமுன் அந்த இடத்தில் ஸ்லீவ், அதாவது குழாய் நுழைய வழிவிடும் உறை, வைத்து, அதைச் சுற்றிக் கூடுதல் கம்பி கட்ட வேண்டும். ஸ்லீவ் பீமின் ஆழத்தில் நடுப்பகுதியில் இருக்க வேண்டும், தூணோரம் கூடாது. ஏ.சி. வரைபடம் தாமதமானால் காங்கிரீட் இறுகிய பிறகு கோர் கட்டிங் மெஷினோடு ஆள் வருவார். வட்டமாக வெட்டியெடுத்த உருளையைக் கையில் வாங்கிப் பார்த்தால் அதன் பக்கவாட்டில் சின்னச் சின்ன வெள்ளிக் காசுகள் மாதிரி மின்னும். பீமின் நீளக் கம்பிகளைச் சுற்றி வளையமாகக் கட்டும் ஸ்டிரப் கம்பி வெட்டுப்பட்டது அது. தூணுக்கு ஒரு அடி தள்ளி அதைப் பார்த்தால் எனக்கு வயிற்றைக் கலக்கும். பீமைக் குறுக்கே அறுக்கப் பார்க்கும் கத்தரி விசையை அது அந்த இடத்தில்தான் தாங்குகிறது, தாங்க வைத்த கம்பி உருளையோடு வெளியே வந்துவிட்டது.

நான் வருவாய்த் துறையில் இருந்து ஓய்வு பெற்றவன். ஆயுள் முழுக்கக் கோப்புகளோடுதான் இருந்தேன். ஒரு அலுவலக மாடி எவ்வளவு கோப்பு தாங்கும் என்று கணக்கு உண்டா? இல்லை, குத்துமதிப்பா?
— வாசகர், தஞ்சாவூர்

ஐயா, இந்தக் கேள்வியைக் கேட்டதற்கு உங்களுக்கு மனமார்ந்த நன்றி. அரசுக் கட்டடத்துக்கும் மற்ற அலுவலகத்துக்கும் பாரக் கணக்கில் பெரிய வித்தியாசமே கோப்புதான்.

கணக்கு உண்டு. ஐ.எஸ். 875 என்ற தரநூலின் இரண்டாம் பகுதி சொல்கிறது. கோப்பு வைக்கத் தனி அறை இருக்கும் அலுவலகம் என்றால் வேலை செய்யும் கூடத்துக்குச் சதுர மீட்டருக்கு 250 கிலோ. தனி அறை இல்லை, மேசைக்குப் பக்கத்திலேயே பீரோவும் ரேக்கும் என்றால் 400 கிலோ. பதிவறை என்றால் 500 கிலோ. 

இப்போது காகிதத்தை நிறுத்துப் பார்ப்போம். 80 ஜி.எஸ்.எம். ஏ4 தாள் 500 கொண்ட ஒரு கட்டு 2.5 கிலோ. அடுக்கினால் ஏறத்தாழ 5 செ.மீ. உயரம். இந்தக் கணக்கில் இறுக்க அடுக்கிய காகிதம் ஒரு கன மீட்டருக்கு 800 கிலோ. தண்டவாளத்தில் தள்ளி ஒன்றோடொன்று ஒட்ட வைக்கும் காம்பாக்டர் ரேக்குகளை நீங்கள் பார்த்திருப்பீர்கள். அது 2 மீட்டர் உயரம், அதில் பாதி வெற்றிடம் என்றே வைத்துக்கொண்டாலும், இரும்பின் எடையை விட்டுவிட்டாலும், அது நிற்கும் ஒவ்வொரு சதுர மீட்டரிலும் 800 கிலோ. 250 கிலோவுக்கு வடிவமைத்த கூடத்தில் அதை வைத்தால் மூன்று மடங்குக்கு மேல்.

ஒரு மாவட்டத் தலைநகரில் இப்படி ஓர் அலுவலகத்துக்கு என்னைக் கூப்பிட்டார்கள். நாலாவது மாடி. ஜன்னலோரம் ஊழியர்கள் காற்றாட உட்காரட்டும் என்று காம்பாக்டரைக் கூடத்தின் நட்டநடுவில் நிறுத்தியிருந்தார்கள். யோசனை நல்லதுதான். ஆனால் பீமின் நடுப்பகுதியும் அங்கேதான். மூன்றாம் மாடியில் ஒரு அறையின் கதவு திடீரென்று மேலே உரச ஆரம்பித்திருக்கிறது. தச்சரைக் கூப்பிட்டு இழைத்திருக்கிறார்கள், மறுபடி உரசியிருக்கிறது. நான் ஃபால்ஸ் சீலிங் பலகை இரண்டைக் கழற்றச் சொல்லி டார்ச் அடித்துப் பார்த்தேன். பீமின் அடிப்பக்கத்தில், நடுவில், ஒரு சாண் இடைவெளி விட்டு விட்டு மேல்நோக்கி ஏறும் விரிசல்கள். பாரம் அதிகமானால் விரிசல் எப்படி வரும் என்று கல்லூரியில் போர்டில் வரைவார்களே, அதே வரிசை. அன்று மாலையே இரும்பு முட்டு கொடுத்தோம். மறுநாள் முதல் கோப்புகளை இறக்கித் தரைத்தளத்துக்குக் கொண்டுபோனார்கள். வடிவமைப்பில் பாதுகாப்பு விகிதம் என்று ஒன்று இருப்பதால்தான் விரிசலோடு நின்றது. அந்த விகிதம் வேலையிலும் பொருளிலும் வரும் குறைகளுக்காக வைத்தது. அதைக் கோப்பு வைத்துத் தீர்த்துவிடக் கூடாது.

இதற்கும் எரிசக்திக்கும் என்ன சம்பந்தம் என்றால், இந்தப் பயத்தில் பல வடிவமைப்பாளர்கள் 'எதற்கு வம்பு' என்று எல்லா மாடிக்கும் 500 கிலோ போட்டுவிடுகிறார்கள். பீம் ஆழமாகிறது, மாடி உயர்கிறது, தூண் பருக்கிறது, அஸ்திவாரம் பெரிதாகிறது. தேவைக்கு மேல் போட்ட அவ்வளவு சிமென்ட்டும் கம்பியும், ஒரு விளக்குகூட எரிவதற்கு முன்பே செலவழித்துவிட்ட எரிசக்தி. இப்போது கோப்புகளைக் கம்ப்யூட்டரிலேயே நகர்த்தும் இ-ஆபீஸ் வந்துவிட்டது. ஆகவே முதல் கூட்டத்திலேயே துறைத் தலைவரிடம் நான் கேட்பது இதுதான்: எத்தனை மீட்டர் கோப்பு வைத்திருக்கிறீர்கள், எத்தனை வருடத்துக்கு வைத்திருக்க வேண்டும், எங்கே வைப்பீர்கள்? பதிவறையைத் தரைத்தளத்தில், மண்ணின் மேல் நேராக உட்காரும் தளத்தில் போட்டுவிட்டால் மேலே எல்லா மாடியும் 250-இல் முடியும். கோப்பு அறையின் வாசலில் 'இத்தனை கிலோவுக்கு மேல் கூடாது' என்று பலகை வைக்கச் சொல்வேன். லிப்ட்டில் வைக்கிறோம், பதிவறையில் ஏன் வைப்பதில்லை?

அந்த டெல்லிக் கட்டடத்தின் மேல் 930 கிலோவாட் சோலார் என்று எழுதியிருந்தீர்கள். அவ்வளவு பேனலின் பாரத்தைக் கூரை எப்படித் தாங்குகிறது?
— ஓய்வு பெற்ற ஆசிரியை, நாகர்கோவில்

பாரம் பெரிய விஷயமே இல்லை அம்மா. பேனலும் சட்டமும் சேர்ந்து சதுர மீட்டருக்கு 15 முதல் 20 கிலோ வரும். நான் பயப்படுவது காற்றுக்கு.

சென்னைக்குத் தரநூல் சொல்லும் அடிப்படைக் காற்று வேகம் நொடிக்கு 50 மீட்டர். அதாவது மணிக்கு 180 கி.மீ. அந்த வேகத்தில் காற்றின் அழுத்தம் சதுர மீட்டருக்குச் சுமார் 150 கிலோ. சாய்வாக நிறுத்திய பேனலின் அடியில் அது புகுந்தால், பிரித்துப் பிடித்த குடையை இழுப்பது போல் மேலே தூக்கும். கோணம், இடம், கூரை ஓரமா நடுவா என்பதைப் பொறுத்துக் கூடும், குறையும். எப்படிப் பார்த்தாலும் தூக்கும் விசை பேனலின் எடையைப் போலப் பல மடங்கு. ஆகவே பேனல் காலை எவ்வளவு ஆழத்தில் பிடித்து வைத்திருக்கிறோம் என்பதுதான் கேள்வி.

டெல்லியில் இன்னொரு சிக்கலும் இருந்தது. 930 கிலோவாட்டுக்குச் சுமார் 4,600 சதுர மீட்டர் பேனல் வேண்டும். கூரை மட்டும் போதவில்லை என்பதால் பேனல் பந்தலைக் கட்டடத்தின் விளிம்பைத் தாண்டியும் நீட்டியிருக்கிறார்கள். போட்டோவில் அகலமான தொப்பி மாதிரி தெரிவது அதுதான். கீழே நிழலும் கிடைக்கிறது. ஆனால் வெளியே நீட்டிய பகுதியில் காற்று மேலிருந்தும் கீழிருந்தும் தாக்கும். அதைத் தாங்கும் இரும்புச் சட்டத்தைக் கூரை வார்க்கும்போதே யோசிக்க வேண்டும். இப்படி வருடத்துக்கு 14 லட்சம் யூனிட் எடுக்கும் திட்டம் அது.

உங்கள் ஊர்ப் பள்ளிக்கூடக் கூரையில் சோலார் போடப் போகிறார்கள் என்றால் ஒன்றைக் கவனியுங்கள். கூரையை ஓட்டை போட்டு போல்ட் முடுக்கினால் தண்ணீர் கசியாமல் போட்ட படலம் அங்கே போய்விடும். இரண்டு மழைக்காலம் கழித்துக் கீழே கம்பி துருப்பிடிக்கும். ஸ்லாபோடு சேர்த்து வார்த்த சின்னக் காங்கிரீட் கட்டையின் மேல்தான் கால் நிற்க வேண்டும்.

பூமிக்குள் 180 துளை, ஒவ்வொன்றும் 80 மீட்டர் ஆழம் போட்டார்கள் என்கிறீர்கள். கட்டடத்துக்குக் கீழே சல்லடையாகத் துளைத்தால் அஸ்திவாரம் இறங்காதா?
— போர்வெல் தொழில் செய்பவர், மதுரை

உங்கள் தொழில் அனுபவத்தில் நியாயமான சந்தேகம். அந்தத் துளைகள் தண்ணீர் எடுக்க அல்ல. கட்டடத்தின் சூட்டை மண்ணுக்குள் விட. உள்ளே யு வடிவத்தில் வளைத்த பாலிஎத்திலீன் குழாயை இறக்கி, சுற்றி பெண்டோனைட் என்ற களிமண் கலவையால் அடைத்துவிடுவார்கள். குழாய்க்குள் தண்ணீர் சுற்றிவரும், மண்ணிலிருந்து ஒரு சொட்டும் எடுப்பதில்லை. நீங்கள் போடும் கிணற்றில் நீர்மட்டம் இறங்கினால் மண் அமுங்கலாம். இங்கே அந்தப் பேச்சே இல்லை. துளைக்குத் துளை 3 மீட்டராவது இடைவெளி வைக்கிறார்கள், நெருங்கினால் ஒன்றின் சூடு இன்னொன்றைத் தாக்கும். வெளியே கூலிங் டவர் வைத்துத் தண்ணீரை ஆவியாக விடும் செலவும் இந்த அளவுக்கு மிச்சம்.

எனக்குக் கவலை வேறு இடத்தில். அந்தக் குழாய்களெல்லாம் சேர்ந்து பேஸ்மென்ட் சுவரைத் துளைத்துக்கொண்டு உள்ளே வர வேண்டும். அங்கே மூன்று பேஸ்மென்ட். சுவருக்கு வெளியே மண்ணும் மழைநீரும் அழுத்திக்கொண்டு நிற்கும். குழாய் நுழையும் இடத்தில் பட்டில் ஃபிளேஞ்ச் (நீர் கசியாமல் தடுக்கும் வளையத் தகடு கொண்ட குழாய்த் துண்டு) வைத்துச் சுவரோடு சேர்த்து வார்க்காமல், பிறகு உடைத்து நுழைத்துச் சிமென்ட் பூசினால், கட்டடம் உள்ளவரை அங்கே கசியும்.

நிலக்கரிச் சாம்பல் கலந்த சிமென்ட்டில் பலம் வராது என்று எங்கள் கொத்தனார்கள் சொல்கிறார்கள். அரசு வேலையில் அதைத்தான் போடச் சொல்கிறார்கள். எதை நம்புவது?
— ஒப்பந்தக்காரர், சேலம்

பலம் வரும். கொஞ்சம் தாமதமாக வரும். உங்கள் கொத்தனார்கள் பார்த்தது பொய் அல்ல. அவர்கள் ஏழாம் நாள் பார்த்திருக்கிறார்கள்.

சாதாரண சிமென்ட் தண்ணீரோடு சேரும்போது பலம் தரும் பொருளோடு சுண்ணாம்பும் மிச்சமாக வெளிவருகிறது. அந்தச் சுண்ணாம்பைச் சாம்பல் பிடித்துக்கொண்டு மெதுவாக அதையும் பலமாக்குகிறது. நுண்துளைகள் அடைபடுவதால் கம்பிவரை ஈரமும் உப்பும் போவது குறைகிறது. கட்டடத்துக்கு அடியில் ஒரே தளமாகப் போடும் பெரிய ராஃப்ட் அஸ்திவாரம் வார்க்கும்போது உள்ளே கிளம்பும் சூடும் குறைவு, விரிசல் குறைவு. சிமென்ட்டாக அரைக்கும் சுட்ட கட்டிக்குக் கிளிங்கர் என்று பெயர், அதை ஒரு டன் சுடும்போது 800 கிலோவுக்கு மேல் கரியமில வாயு வெளியேறுகிறது. பி.பி.சி. எனப்படும் சாம்பல் கலந்த சிமென்ட்டில் 15 முதல் 35 சதவீதம் வரை சாம்பல் இருக்கலாம் என்கிறது தரநூல். அந்த அளவுக்குக் கிளிங்கர் மிச்சம். டெல்லிக் கட்டடத்திலும் சாம்பல் கலந்த சிமென்ட்டும் சாம்பல் ப்ளாக்கும்தான். உங்களுக்கு மேட்டூர் அனல் மின் நிலையம் பக்கத்திலேயே இருக்கிறது.

ஆனால் இரண்டு விஷயத்தில் விட்டுக்கொடுக்காதீர்கள். ஒன்று, தண்ணீர் விடுவது. காங்கிரீட் தரநூலான ஐ.எஸ். 456 சாதாரண சிமென்ட்டுக்கு 7 நாள், சாம்பல் கலந்ததற்கு 10 நாள் என்கிறது. வறண்ட வெயில் காலத்தில் 14 நாள். சேலத்து ஏப்ரல் என்றால் 14-தான், பேச்சே கிடையாது. இரண்டாவது, முட்டு பிரிப்பது. 4.5 மீட்டருக்கு உட்பட்ட ஸ்லாபுக்கு 7 நாள், அதைவிட நீளமானால் 14, 6 மீட்டர் தாண்டிய பீமுக்கு 21 நாள் என்று எல்லோரும் மனப்பாடமாக வைத்திருக்கும் கணக்கு சாதாரண சிமென்ட்டுக்கு எழுதியது. பி.பி.சி.யில் அதே நாளில் சென்ட்ரிங் பிரித்தால் ஸ்லாப் தொய்யும். பிறகு கொத்தனார் சொன்னது சரி என்று ஆகிவிடும். அதே காங்கிரீட்டில் வார்த்த சோதனை க்யூபை உடைத்துப் பலம் பார்த்துவிட்டுப் பிரியுங்கள். அப்புறம், குளத்தில் கொட்டிய ஈரச் சாம்பலை மலிவாகக் கிடைக்கிறதென்று மிக்ஸரில் போடுகிறவர்கள் இருக்கிறார்கள். அது வேறு சரக்கு. செய்யாதீர்கள்.

ஏ.சி. இல்லாமலே பெரிய அரசுக் கட்டடம் சாத்தியமா? வெளிநாட்டிலாவது இருக்கிறதா?
— ஆர்க்கிடெக்சர் மாணவி, கோயம்புத்தூர்

இருக்கிறது. அமெரிக்காவில் சான் பிரான்சிஸ்கோ ஃபெடரல் கட்டடம், 18 மாடி, 2007-இல் முடிந்தது. ஆர்க்கிடெக்ட் தாம் மெயின், பொறியியல் ஆரப் நிறுவனம். மேல் மாடிகளில் பெரும்பகுதிக்கு ஏ.சி. கிடையாது. கம்ப்யூட்டர் திறந்து மூடும் ஜன்னல்கள் மட்டும்.

இதில் ஸ்ட்ரக்சர் செய்யும் வேலை எனக்கு மிகப் பிடித்தது. கட்டடத்தின் அகலம் 20 மீட்டர்தான், ஒரு பக்கம் நுழைந்த காற்று மறுபக்கம் போய்விடும். ஆனால் சாதாரணமாகப் பீம் கூரைக்குக் கீழே தொங்கினால் அந்தக் காற்று ஒவ்வொரு பீமிலும் முட்டி நிற்கும். அதனால் பீம்களை ஸ்லாபுக்கு மேலே ஏற்றிவிட்டார்கள். நம் ஊரில் தலைகீழ் பீம் என்போமே, அதுதான். பீம்களுக்கு மேலே நடக்கும் தளத்தைத் தூக்கிப் போட்டு, இடையில் ஒயர்களை ஓட்டினார்கள். கீழே இருப்பவருக்குத் தெரிவது அலையலையாக வார்த்த வெறும் காங்கிரீட் கூரை. ஃபால்ஸ் சீலிங் இல்லை. இரவில் குளிர்ந்த காற்று அந்தக் காங்கிரீட்டைத் தடவிக் குளிர வைக்கும், பகலில் அது அறையின் சூட்டை வாங்கிக்கொள்ளும். காங்கிரீட்டிலும் சிமென்ட்டில் ஏறத்தாழ பாதிக்குப் பதிலாக இரும்பாலைக் கசடு.

ஆனாலும் இதை அப்படியே கோவைக்கோ சென்னைக்கோ கொண்டுவராதீர்கள். சான் பிரான்சிஸ்கோவில் கோடையிலும் இரவு குளிரும், கடல் மூடுபனி வரும். சென்னையில் மே மாத இரவிலும் 28 டிகிரி, கூடவே புழுக்கம். காங்கிரீட் எந்தக் குளிரை வாங்கி வைத்துக்கொள்ளும்? அங்கேயே அந்தக் கட்டடத்தின் உரிமையாளரான அரசுத் துறை, அங்கே வேலை செய்யும் ஊழியர்களிடம் கருத்துக் கேட்டபோது திருப்தி மிகக் குறைவாகத்தான் வந்தது. சூடு, குளிர் பற்றிய புகார்கள் இருந்தன. உட்கார்ந்து வேலை செய்கிறவருக்கு வியர்க்கிறது என்றால் அதைக் குறைத்துப் பேசும் உரிமை வடிவமைத்தவருக்கு இல்லை. கோவைக்கு வேண்டுமானால் வெயிலை மறைக்கும் நல்ல நீட்டல்களும், தேவைப்படும் மாதங்களில் மட்டும் ஓடும் ஏ.சி.யும் வைத்து யோசியுங்கள்.

புதிய அரசு அலுவலகங்கள் முழுக்கக் கண்ணாடியில் வருகின்றனவே?
— வாசகி, திருநெல்வேலி

மேற்குப் பக்கம் முழுக் கண்ணாடி வைத்த எந்தக் கட்டடத்தையும், என்ன சான்றிதழ் வாங்கியிருந்தாலும், நான் சிக்கனம் என்று ஒப்புக்கொள்ள மாட்டேன்.

சென்னை ஓமந்தூரார் தோட்டத்தில் சட்டசபைக்கும் தலைமைச் செயலகத்துக்குமாகக் கட்டியதை மருத்துவமனை ஆக்கினார்களே. அலுவலகத்துக்குக் கட்டிய தளம் நோயாளிக் கட்டிலையும் மெஷினையும் தாங்குமா?
— வாசகர், சென்னை

2010-இல் திறந்தார்கள், 2014-இல் மருத்துவமனையானது. அரசியலை விட்டுவிடுவோம், பாரத்தை மட்டும் பார்ப்போம். தரநூலில் வார்டுக்குச் சதுர மீட்டருக்கு 200 கிலோ, அதாவது அலுவலகத்தைவிடக் குறைவு. ஆபரேஷன் தியேட்டருக்கு 300. பெரிய ஸ்கேன் மெஷின்கள் டன் கணக்கில் ஒரே இடத்தில் உட்காரும், அவற்றுக்குத் தனிக் கணக்கு. பொதுவாக இந்த மாதிரி மாற்றத்தில் எனக்குத் தலைவலி கட்டில் அல்ல, கழிப்பறை. அலுவலக மாடியில் ஒரு மூலையில் இருக்கும் கழிவறை, வார்டு ஆகும்போது பத்து இடத்தில் வேண்டும். பத்து இடத்தில் ஸ்லாபைத் துளைக்க வேண்டும். எங்கே கம்பி ஓடுகிறது என்று ஸ்கேன் செய்து பார்க்காமல் துளைக்கக் கூடாது. உள்ளே எஃகுக் கேபிள்களை இழுத்துக் கட்டிய பி.டி. ஸ்லாப் என்றால் ஒரு கேபிள் அறுந்தாலும் ஆபத்து. மருத்துவமனை என்றால் நிலநடுக்கக் கணக்கிலும் முக்கியத்துவ எண் (முக்கியமான கட்டடத்துக்கு விசையைக் கூட்டிப் போடும் பெருக்கல் எண்) 1.5. இருக்கும் கட்டடத்தை அந்த எண்ணோடு மறுபடி சரிபார்க்க வேண்டும்.

ஒன்று சொல்கிறேன், இருக்கும் கட்டடத்தை இடிக்காமல் வேறு வேலைக்குப் பயன்படுத்துவதைப் போல எரிசக்திச் சிக்கனம் வேறில்லை.

பூகம்பத்துக்குத் தாங்குவதும் எரிசக்திச் சிக்கனத்தில் சேருமா?
— வாசகர், புதுச்சேரி

சேரும், சேர்க்க வேண்டும். 2011 கிறைஸ்ட்சர்ச் நிலநடுக்கத்துக்குப் பிறகு நகர மையத்தில் விழாமல் நின்ற கட்டடங்களையும் நூற்றுக்கணக்கில் இடித்தார்கள். உயிரைக் காப்பாற்றியதில் அவற்றில் பல தம் வேலையைச் செய்துவிட்டன. ஆனால் சாய்ந்தும் விரிசல் விட்டும் போனதால் திரும்பப் பயன்படுத்த முடியவில்லை. அவற்றில் போட்ட சிமென்ட்டும் இரும்பும் இன்னொரு முறை போட வேண்டியதாயிற்று.

இதற்கு நல்ல பதில் சான் பிரான்சிஸ்கோவிலேயே, கோல்டன் கேட் அவென்யூவில் இருக்கிறது. நகரத்தின் தண்ணீர், மின்சாரத்தைப் பார்த்துக்கொள்ளும் துறையின் 13 மாடித் தலைமை அலுவலகம், 2012-இல் திறந்தது. ஸ்ட்ரக்சர் டிப்பிங் மார் நிறுவனம். முதலில் இரும்புச் சட்டமும் அதிர்வு தாங்கிகளும் என்று யோசித்து, பிறகு காங்கிரீட்டுக்கு மாறினார்கள். லிப்ட்டைச் சுற்றிய காங்கிரீட் சுவர்களுக்குள் மேலிருந்து அஸ்திவாரம் வரை உறுதியான எஃகுக் கேபிள்களை ஓட்டி இழுத்துக் கட்டியிருக்கிறார்கள். நிலம் ஆடும்போது சுவர் ஒரு பக்கம் சாயும், கேபிள் நீளும். ஆட்டம் நின்றதும் கேபிள் சுருங்கிச் சுவரைச் செங்குத்தாக இழுத்துவிடும். மறுநாள் ஊழியர்கள் வேலைக்கு வரலாம் என்பது நோக்கம். பூகம்பத்துக்கு மறுநாள்தானே தண்ணீர்த் துறைக்கு வேலை அதிகம். அந்தக் காங்கிரீட்டிலும் சிமென்ட்டில் கணிசமான பங்குக்குச் சாம்பலும் கசடும் போட்டிருக்கிறார்கள். கழிவுநீரைக் கட்டடத்துக்குள்ளேயே சுத்தம் செய்து கழிவறைக்குத் திருப்புகிறார்கள்.

எங்கள் அலுவலகம் பழைய கட்டடம். மொட்டை மாடி வெயில் தாங்கவில்லை. கூல் டைல்ஸ் போடலாம் என்று எஸ்டிமேட் வந்திருக்கிறது. போடலாமா?
— அரசு ஊழியர், கும்பகோணம்

போடலாம், ஆனால் முதலில் மேலே ஏற்கெனவே என்ன இருக்கிறது என்று பாருங்கள். நம் பழைய முறை, செங்கல் ஜல்லியும் சுண்ணாம்பும் சேர்த்து 10 செ.மீ. தட்டி, மேலே தட்டோடு பதிப்பது. சதுர மீட்டருக்குச் சுமார் 200 கிலோ. மழைக்கு அருமையான வேலை. வெயிலை ஓரளவுதான் தடுக்கும். பிறகு கசிவு வந்தால் பழையதை எடுக்காமல் அதன் மேலேயே இன்னொரு அடுக்கு போடுவார்கள். பத்துப் பதினைந்து வருடம் கழித்து அதன் மேல் இன்னொன்று. இப்படி ஒரு அடி கனம் சேர்ந்த கூரைகளை நான் பார்த்திருக்கிறேன். வடிவமைத்தவர் கணக்கில் இல்லாத 300, 400 கிலோ அங்கே நிரந்தரமாக உட்கார்ந்திருக்கும்.

பழைய அடுக்குகளை எடுத்துவிட்டு, நீர்க்காப்புப் படலம், அதன் மேல் 75 மி.மீ. வெப்பத்தடுப்பு நுரைப் பலகை, மேலே மெல்லிய காங்கிரீட் பூச்சு, வெள்ளை ஓடு என்று போனால் எல்லாம் சேர்ந்து 140 கிலோவுக்குள் முடியும். பலகையின் எடை மட்டும் 3 கிலோகூட இல்லை. சூட்டைத் தடுப்பதோ பழைய ஜல்லியைப் போலப் பல மடங்கு. கூரையும் லேசாகிறது.

எஸ்டிமேட்டில் பழைய தளத்தை எடுக்கும் செலவு இருக்கிறதா என்று பாருங்கள். இல்லையென்றால் மழைநீர்க் குழாய் பக்கத்தில் ஒரு அடிக்கு ஒரு அடி தோண்டச் சொல்லி, ஸ்லாப் தெரியும்வரை எத்தனை அங்குலம் என்று அளந்து, உங்கள் உதவிப் பொறியாளரிடம் எழுத்தில் கொடுங்கள். அந்த அளவைப் பார்த்த பிறகுதான் அவர் டைல்ஸுக்குக் கையெழுத்துப் போட வேண்டும்.